மாமன் விட்ட ரெட்டைக்குருவி வாணம்

தலையணையை ஒழுங்கா வை. காலை என் மேல போடாதே, கனக்குது. ம் சொல்லிட்டே வரணும். நீ நிறுத்தினா அத்தையும் நிறுத்திடுவேன்.

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். இந்தப் பக்கத்து ஊர்ல ஒரு வாணக்காரன் இருந்தான், பேரு மாடக்கண்ணு. கோயில் கொடைத் திருவிழாவுக்கெல்லாம் வாணம் செஞ்சு விடறவன். வாணம்னா என்னவா? ராக்கெட்டுடி. தீபாவளிக்கு உங்கப்பன் பாட்டில்ல வச்சு விட்டு, பக்கத்து வீட்டு மாடில காஞ்ச துணியைப் பொசுக்கினானே, அதேதான்.

— ம்.

அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, பேராச்சி. அந்தப் பக்கத்து ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தாங்க. அம்மா இல்லாத பொண்ணு, அதனால பிரசவமும் மாமியார் வீட்லயே. ரெட்டைப் புள்ளை பொறந்துச்சு, ரெண்டும் பொண்ணு. பதினாறாம் நாள் பேர் வைக்கணும். அந்த ஊர் வழக்கம் என்னன்னா, தாய்மாமன் கறுப்புக் கயிறு கொண்டு வரணும். அந்த அரணாக்கயிறைப் புள்ளைங்க இடுப்புல கட்டினப்புறம்தான் பேரு.

மாடக்கண்ணு கயிறு வாங்கித் தயாரா வச்சிருந்தான். பதினஞ்சாம் நாள் சாயங்காலம் பிடிச்சுது பாரு மழை! சோ... சோன்னு ஊத்துது. காலைல மழை விட்டுருச்சு, ஆனா ஆறு? கடகடகடன்னு கரை புரண்டு ஓடுது. பரிசல் போகாது. நீந்தினா ஆளு நேரா கடலுக்குத்தான்.

மழைக்கு முன்னாடியே பரிசல்காரர் ஒரு சேதி கொண்டு வந்திருந்தார். பேராச்சி மாமியார் சொல்லிட்டாளாம், "பேர் வைக்கிற அன்னிக்கு உச்சிப்பொழுதுக்குள்ள உங்கண்ணன் கயிறு வரணும். வரலைன்னா என் தம்பி கயிறு கட்டுவான். அப்புறம் காது குத்தறதும் அவன் மடியிலதான், மாமன்னு நிக்கறதும் அவன்தான்"னு. பேராச்சிக்குப் பொறந்த வீடுன்னு மிச்சம் இருந்ததே அந்த அண்ணன்தான். அந்த இடத்துல வேற ஆளு உக்காந்துட்டா அவளுக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு. எனக்கு அந்தக் கிழவி மேல இப்பவும் கோவம் வருது.

— ம்.

அப்போ மாடக்கண்ணு கரைல நின்னு யோசிச்சான். ஆளு போக முடியாது, வாணம் போகும்ல? ஆனா அவன் வாணம் உசரமாப் போனாலும் நடு ஆத்தோட சரி. அங்கேருந்து மீதி தூரம்? பனையோலையைக் கிழிச்சான், மூங்கில் சிம்பு வச்சுக் கட்டினான், ரெண்டு குருவி செஞ்சான். வாணத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. வாணம் மேல தூக்கிட்டுப் போய் விட்டுடணும், குருவிங்க ஆளுக்கொரு கயித்தோட காத்துல மிதந்து அக்கரைல இறங்கணும். உன் புக்குல கிளைடர்னு படம் போட்டிருக்கே, அதுதான்.

வாசப்படில நின்னு ஒண்ணை விட்டுப் பாத்தான். சொய்ங்... தலையைத் தூக்கி வாலால விழுந்துச்சு. மூக்குல துளி தேன்மெழுகு ஒட்டினான். சொய்ய்ய்ய்ங்... அழகாப் போய் கோழிக்கூண்டு மேல உக்காந்துச்சு. கோழி கெக்கெக்கேன்னு ஒரே சண்டை.

வாணம் மொத்தம் மூணுதான் இருந்துச்சு. மீதி வெடிமருந்தெல்லாம் மழைல நமத்துப் போச்சு.

முதல் வாணம். மாமன் சும்மா இருப்பானா? "மூத்தவளுக்குக் கொஞ்சம் கூடச் செய்யணும்ல"ன்னு, அவ குருவில மட்டும் கயித்தோட ஒரு வெள்ளி மணியும் கோத்துட்டான். பொறந்தது அஞ்சு நிமிஷம் முன்னாடி, அதுக்கு ஒரு மணி! பத்த வச்சான். ஸ்ஸ்ஸ்... சுர்ர்ர்ர்! மணி இருக்கிற பக்கமா வாணம் சாஞ்சுது, ஒரு வட்டம் அடிச்சுது, திரும்பி அவனையே துரத்துது! "தாயி, கதவைத் திற! கதவைத் திற!"ன்னு ஓடறான். நேரா எருமைத் தொட்டில போய் விழுந்துச்சு. சளக்! புஸ்ஸ்ஸ்.

சிரிக்காதே, தூக்கம் போயிடும்.

தாயின்னா அவன் பொண்டாட்டி, சண்முகத்தாய். அவ வந்து, "பத்து மாசம் ஒண்ணா இருந்த புள்ளைங்க. நீங்க எதுக்கு இப்பவே தராசு பிடிக்கிறீங்க?"ன்னா. அவன் மணியைக் கழட்டினான்.

அப்புறம் ரெண்டாவது வாணம். இப்போ ரெண்டு குருவியும் ஒரே எடை. ஆனா வழில கழண்டு விழுந்துட்டா? அந்தப் பயத்துல ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூணு முடிச்சு, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு வாணத்தோட வரிஞ்சு கட்டிட்டான். சுர்ர்ர்ர்ர்... நேராப் போச்சு! உசரமாப் போச்சு! நடு ஆத்துக்கு மேல மருந்து தீந்துச்சு. குருவி பிரியணுமே? பிரியலை. எல்லாம் ஒண்ணாத் தலைகுப்புற வந்து... தொபுக்கடீர்! ஆறு அடிச்சுட்டுப் போயிடுச்சு. குருவியும் போச்சு, கயிறும் போச்சு.

— ம்...

மாடக்கண்ணு கரைல உக்காந்து அழுதுட்டான். ஆம்பளை அழக் கூடாதா? நல்லா அழுதான். "முடிச்சு போட்டாலும் தப்பு, போடலைன்னாலும் தப்பு. நான் என்ன செய்ய?"

சண்முகத்தாய் தன் கைப்புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தா. நின்னதும் அது சர்ருனு சறுக்கி இறங்கி, சகதிக்குப் போயிடுச்சு. அவ சொன்னா, "இவளை நான் கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்? ஓடறப்போ ஒட்டிக்கிறா, நின்னா இறங்கிடறா."

மாடக்கண்ணு அழுகையை நிறுத்தினான். விறுவிறுன்னு வேற ரெண்டு குருவி செஞ்சான். வாணத்துல ரெண்டு பக்கமும் மேல பாத்த மாதிரி சின்னக் குச்சி வச்சான், குருவி வயித்துல ஒரு வளையம் வச்சு அந்தக் குச்சில சும்மா உக்கார வச்சான். வாணம் போற வரைக்கும் இருக்கும், நின்னதும் வழுக்கி வந்துடும். எல்லாம் சரி, கயிறு? கடை இருக்கிறது ஆத்துக்கு அந்தப் பக்கம். இடுப்புல கை வச்சு நின்னான். கைல பட்டுச்சு அவனோட அரணாக்கயிறு.

"அய்யய்யோ, வேற கட்டாம அதை அறுக்கக் கூடாதுங்க!"ன்னா அவ.

"மாமன் கயிறுதானே கேட்டாங்க? இதுதான் மாமன் கயிறு"ன்னான். நறுக்! ரெண்டா மடிச்சுச் சரிபாதியா வெட்டி, குருவிக்கு ஒண்ணா வச்சான். வெயில் உச்சிக்கு வந்தாச்சு. பத்த வச்சான்.

ஸ்ஸ்ஸ்... சுர்ர்ர்ர்ர்ர்ர்ர்! போகுது... போகுது... நின்னுச்சு. குருவி ரெண்டும் வழுக்குச்சு. சொய்ய்ய்ங்... ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி, மரத்துக்குப் பின்னாடி போய் மறைஞ்சிருச்சு.

அங்கே, ஆத்தோரமா இருந்த பேராச்சி வீட்ல, கிழவியோட தம்பி புதுக் கயித்தோட மணைல உக்காந்தாச்சு. பேராச்சி தலையைக் குனிஞ்சு இருக்கா. அப்போ ஒரு குருவி முற்றத்துல வந்து இறங்குச்சு. இன்னொண்ணு ஓட்டு மேல சறுக்கி, கிழவி மடியிலயே தொப்!

"இது என்னடி, பழைய கயிறு?"

பேராச்சி வாங்கி மோந்து பாத்தா. வாண மருந்து வாடை. "எங்கண்ணன் இடுப்புக் கயிறு அத்தை. அறுத்து அனுப்பியிருக்கான்."

கிழவி கயித்தைப் பாத்தா, ஆத்துப் பக்கம் பாத்தா. அப்புறம் தம்பியைப் பாத்து, "நீ எந்திரிடா"ன்னா.

— ம்.

பேர் வச்சாச்சு. பேராச்சி ரெண்டு இடுப்புலயும் ரெண்டு புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடி வந்தா. கத்தினாக் கேக்காது, அவ்வளவு தண்ணி. புள்ளைங்க இடுப்புல கறுப்புக் கயிறு தெரியற மாதிரித் தூக்கித் தூக்கிக் காட்டினா.

இக்கரைல மாடக்கண்ணு அப்பவரைக்கும் வேட்டியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னான். கயிறு இல்லாம அது நிக்கலை. தங்கச்சியைப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். வேட்டி? பொத்துனு விழுந்துருச்சு! நல்லவேளை, உள்ளே பட்டாப்பட்டி போட்டிருந்தான். சண்முகத்தாய் "ஏங்க, ஏங்க"ங்கிறா. அவன் குனியவே இல்லை. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு, அவ அங்கே நிக்கிற வரைக்கும் ரெண்டு கையையும் ஆட்டிட்டே நின்னான்.

வாணமும் எரிஞ்சாச்சு, அத்தை வாயும் ஓஞ்சாச்சு. கண்ணை மூடும்மா.