வரப்புக்குப் போன ஆமணக்கு

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கும் வாய் இருந்தபோது, ஆமணக்கு கடலைக் காட்டின் நடுவில்தான் நின்றது. அதன் காலடியில் ஒரு நிலக்கடலைச் செடி. தரையோடு படர்ந்த கடலைக்குத் தூரம் தெரியாது. ஆமணக்குதான் பார்த்துச் சொல்லும்.

“இன்னைக்குப் பாதையில யாரு போறா?”

“ரெண்டு எருமை. பின்னாடி நம்ம காட்டுக்காரி நாச்சாத்தா. எருமைங்க நடைதான் கொஞ்சம் அழகு.”

கடலை சிரிக்கும். மஞ்சள் பூக்கள் குலுங்கும். அந்தச் சிரிப்புக்காகவே ஆமணக்கு நாளெல்லாம் பாதையைப் பார்த்து நின்றது.

ஒரு காலையில் அதன் இலைக்கடியில் பழுப்புப் பஞ்சுபோல ஏதோ ஒட்டியிருந்தது. அந்துப்பூச்சியின் முட்டையா, வெறும் தூசியா? முட்டையென்றால் நாச்சாத்தாள் வேரோடு பிடுங்கிவிடுவாள். கடலையைப் பிரிய வேண்டும். தூசியாகவே இருக்கட்டும் என்று இலையை மடக்கிக்கொண்டது ஆமணக்கு.

“என்ன, பேச்சையே காணோம்?”

“காத்து பலமா இருக்கு.”

காட்டில் ஓர் இலையும் அசையவில்லை.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. புழுக்கள் கூட்டமாய் இலையைச் சுரண்டின. ஒரு புழு நூல்விட்டு இறங்கிக் கடலையின் தளிரில் வாய் வைத்தது.

“ஐயோ, எரியுதே!” என்றது கடலை.

“நாச்சாத்தா! ஓடியா!” என்று கத்தியது ஆமணக்கு.

அவள் வந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். “இது இன்னைக்கு வந்ததில்லையே. வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“புடுங்கிருவியோன்னு...”

“முட்டையிலயே சொல்லியிருந்தா உன் ஒத்தை இலையோட போயிருக்கும்.” புழு தின்ற இலைகளைக் கிள்ளிக் குழியில் புதைத்தாள். கடலையின் தளிரையும் கிள்ளினாள்.

காம்பில் நீர் கசிவதை ஆமணக்கு பார்த்தது.

“இந்தப் பூச்சிக்கு என் இலைன்னா உசுரு, நாச்சாத்தா. நடுவுல நின்னா நடுவுக்கே கூட்டியாந்துருவேன். வரப்புல நட்டுரு. எங்கிட்டயே தங்கிக்கும். நீ வந்ததும் என் இலையப் பாரு.”

அவள் தயங்கித் தயங்கித்தான் மண்வெட்டியை எடுத்தாள்.

“அங்கிருந்து சொன்னா எனக்குக் கேக்குமா?” என்றது கடலை.

“கேக்கும்.”

கேட்காது என்று இரண்டுக்கும் தெரியும்.

அன்று தொடங்கித்தான் கடலைக் காட்டின் வரப்போரம் ஆமணக்கு நிற்கிறது. காட்டில் இறங்குமுன் உழவர்கள் அதன் இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அதுவோ, விரித்த கைபோன்ற இலைகளோடு நடுக்காட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது.