மாடத்தி முற்றத்து மயில்கள்

“மயிலை விரட்டினவன் வீட்டிலே...” என்று ஏதோ ஒரு சொலவடை. கோட்டைமலைச் சீமையின் பழைய மகாராஜா அதை வாய்க்கு வாய் சொல்வாராம். விளக்கு எரியாது என்றாரா, அடுப்பு எரியாது என்றாரா? மகன் கந்தபூபதி ராஜாவுக்கு மீதி நினைவில்லை. எதுவோ ஒன்று எரியாது. நமக்கு எதற்கு வம்பு என்று, அரியணை ஏறிய கையோடு தண்டோரா போட்டுவிட்டார்.

“மயில் முருகனுக்கு வாகனம். கல்லால், கம்பால், வலையால், நாயால், வாயால், யாரும் அதை விரட்டக் கூடாது. மீறினால் சீமையை விட்டே வெளியேற்றம்!”

மயில்களுக்கு யார் போய்ச் சொன்னார்களோ, கூட்டம் கூட்டமாக மலையிறங்கி ஊருக்குள் வந்துவிட்டன.

ஒருநாள் மாடத்தி என்கிற குடியானவப் பெண், வெறும் முறத்தைத் தூக்கிக்கொண்டு சபைக்கே வந்து நின்றாள்.

“மகாராசா, ஆடி பொறந்தாச்சு. வெதைச் சோளத்தை முத்தத்துல காயப் போட்டேன். முக்காவாசி மயிலு வயித்துல. மிச்சமும் போச்சுன்னா நான் மண்ணையா வெதைக்க?”

“மூடி வைக்க வேண்டியதுதானே?” என்றார் ராஜா.

“மூடி வச்சா வெயிலு எப்படிப் படும்? வெயிலு காணாத வெதையைப் பூச்சில்ல தின்னுரும்!”

பிரதானி அம்பலவாணர் செருமினார். முருகன் கோயில் நிர்வாகமும் அவர் கையில்தான். “மயில் தின்றால் முருகனே தின்ற மாதிரி. நீ கொடுத்து வைத்தவள், போ.”

“கொடுத்தது நாந்தான் சாமி. வச்சது ஒண்ணுமில்ல.”

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி வந்து அழுதாள் என்று போட்ட ஆணையைத் திரும்பப் பெற்றால் ஊர் என்ன பேசும்? விதைக்க வழியில்லாமல் அவள் நிலம் தரிசு கிடந்தால்தான் ஊர் என்ன பேசும்? வழக்கம்போல அவர் பார்வை தூணோரம் போயிற்று. அங்கே சாத்தப்பர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு நின்றிருந்தார். சிக்கல் வந்தால் ராஜா தேடுகிற ஆள்.

அந்தப் பார்வையைப் பிரதானியும் பார்த்தார். சாத்தப்பரைக் கண்டாலே அவருக்கு வேப்பங்காய். “சாத்தப்பர்தான் எதற்கும் வழி வைத்திருப்பாரே! ஆணையில் ஓர் எழுத்தும் மீறாமல் மயிலை நிறுத்திக் காட்டட்டும். முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பட்டும்.”

சாத்தப்பர் பிரதானியைப் பார்க்கவேயில்லை. மாடத்தியிடம் பாய்ந்தார்.

“ஏம்மா, மயில் தினம் வருதே. ஒரு நாளாவது மேளம் வைத்தாயா?”

“மேளமா? எனக்குச் சோளத்துக்கே வழியக் காணோம்!”

“கேட்டீர்களா, பிரபு? சாமி வாகனம் வாசலுக்கு வந்தால் மேளம் கொட்டி, கொம்பு ஊதி, வேட்டுப் போட்டு, வீட்டுக்கு உடையவர் கைகூப்பி நின்று வரவேற்பது நம் ஊர் முறை. இவள் வாசலில் ஒரு சேகண்டி கூட அடிக்கவில்லை. எவ்வளவு பெரிய அவமரியாதை! கோயில் நிர்வாகியே சொல்லட்டும், முறையா இல்லையா?”

பிரதானி விழித்தார். முறையில்லை என்று அவர் வாயால் எப்படிச் சொல்வது? “முறை... முறைதான்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா. தைப்பூசம் வரைக்கும் தின்றுவிட்டுத் தூங்கும் அரண்மனை மேளத்துக்கு ஒரு வேலையாயிற்றே என்று அவருக்குத் திருப்தி. “மயில் எங்கே வந்தாலும் நம் மேளம் போய் வரவேற்கட்டும்.”

மறுநாள் சனிக்கிழமை. வெயில் ஏறியதும் மயில்கள் மாடத்தி முற்றத்தில் வந்து இறங்கின. மாடத்தி பயபக்தியோடு கைகூப்பினாள். சாத்தப்பர் கண்ணைக் காட்டினார். தவிலில் முதல் அடி விழுந்தது, கொம்பு அலறியது, அதிர்வேட்டு ஒன்று நிலம் குலுங்க வெடித்தது. மயில்கள் ஒரு சோள மணியைக்கூடத் தொடவில்லை. சிறகடித்து எழும்பி, பிரதானி வீட்டு முற்றத்தில் காய்ந்த அப்பளத்தின் மேல் போய் இறங்கின.

“வாகனம் இடம் மாறிவிட்டது. ஓடுங்கடா!” என்றார் சாத்தப்பர்.

பிரதானி வாசலில் வேட்டு வெடித்ததில் பசு கட்டறுத்துக்கொண்டு ஓடியது. “இதென்ன கூத்து? நிறுத்தச் சொல்லுங்களேன்!” என்று கத்தினாள் அவர் மனைவி. முறையென்று தலையாட்டிய மனிதர் என்ன செய்வார்? கைகூப்பியபடி நின்றார். மயில்கள் அங்கிருந்தும் கிளம்பி அரண்மனைக் கொல்லையில் இறங்கின.

ராஜாவுக்கு அப்போது எண்ணெய்க் குளியல். தலை வழிய எண்ணெய், முகமெல்லாம் சீயக்காய், இடுப்பில் துண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கொம்பு ஊதியதில் கைச்செம்பு நழுவி உருண்டது.

“யாரடா அது?”

“வாகனம் வந்திருக்கிறது, பிரபு!” சாத்தப்பரின் குரல். “வீட்டுக்கு உடையவர் வாசலில் நிற்க வேண்டும்!”

ராஜா வந்து நின்றார். எண்ணெய் சொட்டச் சொட்ட, எரிகிற கண்ணை மூடியபடி, கை கூப்பி. ஒரு வேட்டு வெடித்தது. துண்டைப் பிடிப்பதா, கும்பிடுவதா?

மூச்சிரைக்கப் பிரதானி ஓடிவந்தார். “பிரபு, போதும்! நிறுத்தச் சொல்லுங்கள்!”

“ஏன் ஓய், உம் வீட்டுக்கும் முருகன் வந்தாரோ?” என்றார் ராஜா.

“அப்பளம் அத்தனையும் போயிற்று, பிரபு!”

சாத்தப்பர் பணிவாகக் குனிந்தார். “நிறுத்திவிடலாம், பிரபு. முறையை நிறுத்துவதா, ஆணையை நிறுத்துவதா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இன்னும் பத்து வேட்டு பாக்கி இருக்கிறது.”

வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பில் ராஜா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை சீமையெங்கும் தண்டோரா போட்டார்கள்: மயிலை அடிக்கக் கூடாது, கைதட்டி ஓட்டலாம், மாடத்திக்குப் போன விதைச் சோளம் அரண்மனைத் தானியக் குலுக்கையிலிருந்து கொடுக்கப்படும்.