கூட்டத்தை எடுத்துவிட்ட ரெக்கார்டு

பெர்னதெத் டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளும் சத்தியசீலனுக்கு ஐம்பத்தாறு. மாணவர் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார், டீச்சர் ‘சார்’ என்று கூப்பிடுவார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லித் தருகிறார் என்று குழப்பமாக இருக்கும். நான் டீச்சரின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

ராயபுரத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் டீச்சர் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அங்கே கூடி ரெக்கார்டு கேட்போம். ஃபங்க் என்கிற ஆட்ட இசை வாசிக்கும் பழைய அமெரிக்கக் குழுக்கள் மேடையில் வாசித்தபோது அப்படியே பதிவானவை. அந்த வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டுடியோவில் பதிவானதை உட்கார்ந்து கேட்கலாம். மேடையில் பதிவானதை நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும்.

நாற்காலிகள் சுவரோரம் போய்விடும். டீச்சர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, குழம்புக் கரண்டியோடு வந்து நிற்பார். அறிவிப்பாளர் குழுவின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லுவார், கூட்டம் கத்தும், டிரம்பெட்காரர்கள் எல்லாரும் ஒரே மூச்சாக ஊதுவார்கள். நான் எத்தனையோ தடவை கேட்டதுதான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

சத்தியசீலன் மட்டும் முட்டி வலி என்று உட்கார்ந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மட்டும் ஆட்டுவார்.

ஒரு ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்தார். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

“என்ன சார், அது இன்னும் தூங்கி எழுந்திருக்கலியா?” என்றார் டீச்சர்.

“இனிமே எதுக்கு டீச்சர். என் பொண்ணு வேண்டாம்னுட்டா.”

அவர் மகள் இளவெயினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். போன மாதம் நிச்சயதார்த்தத்தில் சத்தியசீலன் தன் ஆபீஸ் நண்பர்களோடு வாசித்தார். நானும் சாப்பிடப் போயிருந்தேன். ஒரு நோட், ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. ஆனால் பாதிக்கு மேல் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது, உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

“ரிசப்ஷனுக்கு டிஜே சொல்லிட்டாளா?”

“இன்னும் இல்ல. சொல்லப் போறேன்ப்பா, நீங்க வர்றவங்களைக் கவனிச்சுக்கங்கன்னா.” கிட்டார் உறையைத் தடவினார். “அவ கல்யாணத்துல என் வாசிப்புக்கு அவ ஒரு தடவை ஆடணும். அதுக்குத்தான் டீச்சர் இந்த வயசுல கத்துக்க வந்தேன்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” என்றார். “நான் பழகின ரெக்கார்டுல, நடுவுல நாலு நிமிஷம் ஒண்ணுமே நடக்கல. யாரும் பாடல. பேஸ் ரெண்டே நோட். நீங்களோ அந்த இடம்தான் உயிருங்கறீங்க. அதையேதான் நானும் வாசிச்சேன். எங்க ஜனம் எழுந்து கை கழுவப் போயிடுச்சு. அந்த நாலு நிமிஷத்துல என்னதான் இருக்கு?”

“நீங்க எதை வெச்சுப் பழகினீங்களோ, அதைப் போடுங்க.”

அவர் போனில் போட்டார். டீச்சர் சற்றுக் கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

“கூட்டம் எங்க?”

“எடுத்துட்டேன் டீச்சர். அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. கூட்டம், டிரம்ஸ், எல்லாச் சத்தமும் போயிட்டா பேஸ் துல்லியமா கேக்கும்.” சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. “இருங்க, இப்ப ஒரு இடம் வருது பாருங்க.”

பேஸ் திடீரென்று நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

“இந்த மௌனம். என்ன ஒரு தைரியம் இருந்தா நடுவுல இப்படி நிறுத்துவாரு? இதைத்தான் ரொம்ப நாள் பழகினேன். நிச்சயதார்த்தத்துல அச்சு அசலா வந்துச்சு.”

எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. ஆடிக்கொண்டிருந்த நாலைந்து பேர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இறங்கிப் போனது அங்கேதான்.

டீச்சர் அலமாரியிலிருந்து அதே ரெக்கார்டை எடுத்து வைத்தார்.

“எழுந்து நில்லுங்க சார்.”

“முட்டி…”

“சுவத்தைப் பிடிச்சுக்கங்க.”

அவர் நின்றார். அந்த இடம் வந்தது. தகரக் கடை சரிந்த மாதிரி மேடையில் ஒரு சத்தம். கூட்டம் ‘ஓ’ என்றது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பேஸ் உள்ளே வந்தது, கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

“டிரம்ஸ் தட்டு ஸ்டாண்டோட சாஞ்சிருச்சு,” என்றேன். என் தொழில் அது, எனக்குத் தெரியாதா.

“பேஸ்காரர் பக்கத்துல நின்னிருப்பாரு,” என்றார் டீச்சர். “குனிஞ்சு தூக்கி விட்டிருப்பாரு.”

சத்தியசீலன் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்ப அந்த நாலு நிமிஷம்?” என்றார் கடைசியில்.

“வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அத்தை மாமாவுக்குக் கல்யாணப் பொன்விழா. சர்ச் ஹால்ல சாப்பாடு, நாங்க வாசிக்கறோம். பேஸை எடுத்துட்டு வாங்க.”

“என் முட்டிக்குக் கார் ஓட்ட முடியாது. பொண்ணுதான் கொண்டுவந்து விடணும்.”

“விடட்டுமே.”

ஹாலில் பிரியாணி முடிந்து எல்லாரும் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த நேரம். டீச்சர் கிட்டாரை எடுத்துக்கொண்டு, பேஸுக்கு சத்தியசீலனை நிறுத்தினார். இளவெயினி வாசலில் கார் சாவியோடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இரண்டு முறை வந்து, “கிளம்பலாமாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

“இந்த ஹால்ல எப்படா கிளம்பலாம்னு நிக்கறது யாரு சார்?” என்றார் டீச்சர்.

“வேற யாரு, என் பொண்ணுதான்.”

“அவளைப் பாத்து வாசிங்க. ரெண்டு நோட்தான். அவ கால் அசையற வரைக்கும் மாத்தாதீங்க.”

ஆரம்பித்தோம். அவள் போனைவிட்டுத் தலை தூக்கவில்லை. சத்தியசீலன் பார்வை மெல்ல நழுவித் தன் விரலுக்கு வந்தது.

“விரல் எங்கயும் ஓடிடாது. அங்க பாருங்க.”

பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் மணிக்கட்டு விட்டுப்போகும் போலிருந்தது. இந்த மனுஷனின் பெண் கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். அப்போது அவள் கையிலிருந்த சாவி கதவு நிலையில் லேசாகத் தட்டுவதைப் பார்த்தேன். சத்தியசீலன் எனக்கு முன்பே பார்த்திருந்தார். முதல் அடியைக் கொஞ்சம் அழுத்தி, அந்தச் சாவியோடு சேர்த்து வைத்தார். அவள் குதிகால் எழுந்து இறங்கியது.

பச்சைச் சேலைக்கார அம்மா ஒருவர், “என்னம்மா, வாசக்காவலா?” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் போனைக் கைப்பையில் போட்டாள்.

அவள் ஆட வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. பழகி வைத்திருந்த வித்தையை எல்லாம் மளமளவென்று அவிழ்த்துவிட்டார். அவள் கால் தடுமாறி நின்றது. அந்த அம்மாவைப் பார்த்து அசடாகச் சிரித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் தன் கிட்டாரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லாமலே சத்தியசீலன் இரண்டு நோட்டுக்குத் திரும்பி வந்தார்.

அவளும் திரும்பினாள். இந்த முறை மேடையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தபடியே ஆடினாள். கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் எழுந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். சத்தியசீலனின் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

அவள் ஆடிக்கொண்டே மேடைக்குக் கிட்டே வந்தாள்.

“அப்பா, ரிசப்ஷன்ல இதை வாசிப்பீங்களா?”

அவர் வாசிப்பை நிறுத்தாமல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“வாசிக்கலாமா டீச்சர்?”

“என்னை எதுக்கு சார் கேக்கறீங்க? கேட்டவ அங்க நிக்கறா.”

சத்தியசீலன் மகள் பக்கம் திரும்பினார். அதன் பிறகு பாட்டு முடிகிற வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.