மலையேறத் திட்டம் போட்ட ராஜா

செவ்வந்திக்கோட்டை கோபாலபூபதி ராஜாவுக்கு எதிரி என்று யாரும் கிடையாது, சொந்த வயிற்றைத் தவிர. அது முதலில் சபைக்குள் நுழையும். அவர் பின்னாலே வருவார். மற்றபடி தங்கமான மனுஷர்.

அவருடைய மகள் அம்மையில் படுத்தபோது, "பிள்ளை பிழைச்சா, பங்குனி உத்திரத்துக்கு நானே பால்குடம் எடுத்து மலையேறி வர்றேன், வேலவா!" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டாள். வேலவன் தன் பங்கை முடித்துவிட்டான். பாக்கி இருப்பது ராஜாவின் பங்கு. அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிவார மண்டபத்தைத் தாண்டி யாரும் பல்லக்கில் உட்காரக் கூடாது. ராஜாவானாலும் வெறுங்கால்தான்.

அதற்காக ராஜா சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். தினமும் காலையில் வெற்றிலைத் தட்டோடு சபையில் உட்கார்ந்து, நடந்து பழகத் திட்டம் போடுவார். எந்தக் காலை முதலில் வைப்பது, எங்கே நின்று மோர் குடிப்பது, அந்த மோரில் இஞ்சியா, சுக்கா... பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். "திட்டம் பிரமாதம். நாளையிலேருந்து ஆரம்பிச்சிடுவோம்" என்று சாப்பிடப் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் மோரிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒருநாள் அவர் அப்படிச் சொன்னதும், பக்கத்து ஆசனத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தது மாசிலாமணி. ராஜாவுக்கு யோசனை சொல்லும் விகடகவி அவர். வாய் பெரிது. வயிறும் ராஜாவுக்கு இளைத்ததில்லை.

"என்ன ஓய் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை மகாராஜா. என் வீட்டு ஞாபகம் வந்திடுச்சு."

"அப்படியா? அப்ப நீரே என்னை ஏத்திவிடும். உத்திரத்தன்னைக்கு நான் மேலே நிக்கணும். ஆனா 'நடங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது. முடியலைன்னா உம்ம ஆசனம் வைத்தியர் குழந்தைவேலருக்கு."

வைத்தியர் அப்போதே அந்த ஆசனத்தைக் கண்ணால் அளந்து பார்த்துக்கொண்டார்.

மாசிலாமணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி வடிவாம்பாள் பிடித்துக்கொண்டாள். "ராஜாவைப் பார்த்தா சிரிச்சீங்க? விடியக்காலம் எழுந்து குளத்தைச் சுத்தி நடக்கப் போறேன்னு நம்ம கல்யாணத்திலேருந்து சொல்றீங்க. குளமே தூர்ந்து போச்சு, நீங்க இன்னும் எழுந்திரிக்கலை."

"முட்டி வலிக்குது வடிவு."

"ஆமாமா. வம்பளக்க மேலத்தெரு வரைக்கும் போய்ட்டு வர்றீங்களே, அப்ப அந்த முட்டியைக் கழட்டி வீட்டிலேயா வச்சிட்டுப் போறீங்க?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்ற இடத்திலேயே யோசனையும் பிறந்தது. 'நமக்கு வம்பு, ராஜாவுக்குத் திட்டம்!' என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ராஜா மோரை ஆரம்பிக்கும்போதே மாசிலாமணி குறுக்கிட்டார். "மகாராஜா, மலையைப் பார்க்காம மலைக்குத் திட்டம் போடலாமா? அடிவார மண்டபத்திலே சபையைக் கூட்டுவோமே. காத்தும் நல்லா வரும்."

"சபாஷ்!" என்றார் ராஜா. பல்லக்கு அடிவாரத்துக்குப் போனது.

அங்கே ஒரு குரங்கு வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "இங்கே தொல்லை மகாராஜா. அதோ மேலே ஒரு வேப்பமரம். நிழல் எப்படி விழுது பாருங்க!" என்று மாசிலாமணி கை காட்ட, ராஜா பேச்சை நிறுத்தாமலே ஏறினார்.

சில நாள் போனதும் மாசிலாமணி மேலே பார்த்து உச்சுக் கொட்டினார். "திட்டமெல்லாம் சரிதான். ஆனா அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்குன்னே தெரியலையே. தெரியாம எப்படித் திட்டம் போடுறது?"

"அதானே! தெரியாம எப்படிப் போடுறது?" ராஜா வளைவைப் பார்க்கப் போனார். அங்கே நின்றால் சுனை தெரிந்தது. சுனைக்குப் போனால் இடும்பன் சந்நிதி தெரிந்தது. "குடம் எவ்வளவு பெரிசுன்னு தலையில வச்சுப் பார்த்தாத்தானே முடிவு பண்ணலாம்?" என்று மாசிலாமணி சொல்ல, ஒருநாள் குடமும் கூடவே ஏறியது. ராஜா இஞ்சியா, சுக்கா என்று கேட்டுக்கொண்டே முன்னால் போவார். பதில் சொல்ல மூச்சில்லாமல், பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்து மாசிலாமணி பின்னால் வருவார். இடும்பன் சந்நிதியில் தினமும் அவருக்கு ஒரு வேண்டுதல்தான்: அப்பனே, ராஜா ஏறுறது இருக்கட்டும், என்னை இறக்கிவிடு.

உத்திரமும் வந்தது. பால்குடத்தோடு இடும்பன் சந்நிதி வரைக்கும் வந்த ராஜாவின் முகம் வாடியிருந்தது. "ஓய், மோர் விஷயமே இன்னும் முடிவாகலையே. திட்டம் முடியாம எப்படி ஏறுறது?"

"இன்னைக்கு முடிச்சிடலாம் மகாராஜா. இங்கே ஒரே கூட்டம். அந்தக் கோபுர நிழல்லே நின்னு பேசுவோம்."

பேசிக்கொண்டே போனார்கள். "சரி, இஞ்சியே இருக்கட்டும்!" என்று ராஜா முடிவு சொன்னார். டணார் என்று மணி அடித்தது. குருக்கள் கையை நீட்டி, "பால்குடத்தைக் கொடுங்கோ மகாராஜா" என்றார்.

ராஜா திருதிருவென்று விழித்தார். கீழே அரண்மனை ஒரு சிமிழ் மாதிரி தெரிந்தது. "நான் எப்ப ஓய் ஏறினேன்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"நீங்க திட்டம்தான் போட்டீங்க மகாராஜா. கால் அது பாட்டுக்கு வந்திடுச்சு."

வைத்தியர் தூணைப் பார்க்க ஆரம்பித்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி! என் சோம்பேறித்தனத்தை வச்சே என்னை ஏத்திட்டியே!" என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "உடம்பும் நல்லா இருக்கு. இனிமே தினமும் சபை இங்கேதான். நீர் எனக்கு முன்னாடி வந்து ஜமக்காளத்தை விரிச்சு வையும்."

மாசிலாமணியின் முட்டி இரண்டும் அழுதன. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "உத்தரவு மகாராஜா. இவ்வளவு பெரிய காரியத்தை எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யக் கூடாது. நாளைக்குக் கீழே உட்கார்ந்து நிதானமா ஒரு திட்டம் போடுவோம்."

"ரொம்பச் சரி!" என்ற ராஜா மாலையைத் திரும்பத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். "இதை உமக்கு எப்பக் கொடுக்கிறதுன்னு அந்தத் திட்டத்திலேயே சேர்த்துப் பேசிடுவோம்."

"ஐயோ, மகாராஜா!" மாசிலாமணி பதறினார். "ஜமக்காளம் எங்கே இருக்கு?"