வெயிட்டே தெரியாத மடக்கு சைக்கிள்

அதிகாரி என்றால் பரமகுருதான் அதிகாரி. காரை விட்டு இறங்கினால் கையை வீசிக்கொண்டு நடப்பார். ஒரு கையில் அவருடைய பை, மறு கையில் அவருடைய டிபன் கேரியரோடு ஆபீஸ் உதவியாளர் தவசி பின்னாலேயே மூன்று மாடி ஏறுவார்.

இனி சைக்கிளில்தான் ஆபீஸ் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரமகுரு தவசியைக் கூப்பிட்டார்.

"மடக்கு சைக்கிள் ஒண்ணு பார்த்து வை. மடக்கி என் ரூமுக்கே கொண்டு வரணும். என்னைத் தாங்கணும், விலை கம்மியா இருக்கணும், ஆனா வெயிட்டே எனக்குத் தெரியக் கூடாது. சரியாப் பார்க்கலேன்னா உன்னை ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளிடுவேன்."

"அப்படி ஒரு சைக்கிள் எந்தக் கடையிலயும் கிடையாதுங்க" என்று, தவசி போய் விசாரித்த சைக்கிள் கடைக்காரர் கையை விரித்தார். தவசியோ இருப்பதிலேயே மலிவான இரும்பு சைக்கிளைக் காட்டி, "இதை எடுத்து வைங்க" என்றார்.

சாயங்காலம் பரமகுரு கடைக்கு வந்தார். "என்னய்யா இது? பார்த்தாலே கனக்குதே!"

"உங்களுக்கு வெயிட்டே தெரியாது சார்."

"எப்படி?"

"இத்தனை வருஷத்துல உங்க டிபன் கேரியர் என்னிக்காவது கனத்திருக்கா சார்? இதையும் நான்தானே தூக்கப் போறேன்."

கடையே சிரித்தது. பரமகுருவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் சாமானை இனி நானே தூக்கிக்குவேன்!" என்று இரும்பு சைக்கிளைத் தூக்கினார். அது முழங்கால் உயரம்கூட வரவில்லை. பொத்தென்று வைத்துவிட்டு, இருப்பதிலேயே லேசான சைக்கிளுக்கு விலைகூடக் கேட்காமல் பில் போடச் சொன்னார்.

மறுநாள் முதுகில் பையும், ஒரு கையில் சைக்கிளும், மறு கையில் டிபன் கேரியருமாகப் பரமகுரு மாடி ஏறி வந்தார். தவசியின் கைகள் காலியாக இருந்தன. முதல் தடவையாக இரண்டையும் கூப்பி, "வணக்கம் சார்" என்றார்.