நஸ்ரின் பார்த்த படம்

2018 ஜூலை 17, காலை பதினொரு மணி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு மையத்தின் மேசையில் பதினான்கு குழந்தைகளின் தனித்தனிக் கல்வித் திட்டங்கள் இருந்தன. தாள்கள் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி வைரவநாதன், ஒன்பது வயது நஸ்ரினின் திட்டத்தைக் கையில் எடுத்தார். சக்கர நாற்காலியில் இருந்த அவளுக்குப் பேச்சு வராது, கையும் வசப்படாது.

“வேண்டியதைப் படத்தைப் பார்த்துத் தெரிவிப்பாளாம். பார்க்கிறதெல்லாம் ஒரு பாடமா? பேரை அடிச்சிடுறேன், வீட்டிலேயே இருக்கட்டும்.”

சோறூட்டும் ஆயா பிலோமினா முன்னே வந்தார்.

“லேசான பாடம்தான் சார். நீங்க ஒருவாட்டி செஞ்சு காட்டிட்டு அடிச்சிடுங்க. பேசக்கூடாது, கையை அசைக்கக்கூடாது. வேணுங்கிறதைக் கண்ணாலேயே கேளுங்க, தரேன்.”

அதிகாரி சிரித்தபடி கைகட்டி உட்கார்ந்தார். வியர்வை வழிய, கண்ணை மேலே உருட்டினார்.

“சாமி கும்பிடுறீங்களா சார்?”

மறுபடி உருட்டினார்.

“பல்லியா? இருங்க, விரட்டுறேன்” என்று பிலோமினா துடைப்பத்தை எடுத்தார். அதிகாரியின் முகம் சிவந்தது.

அவரையே பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரின், தன் நாற்காலிப் பலகையில் ஒட்டியிருந்த எட்டுப் படங்களில் ஒன்றில் பார்வையை நிறுத்தினாள். மின்விசிறி.

பிலோமினா சுவிட்சைப் போட்டார். பதினான்கு திட்டங்களும் அறையெங்கும் பறந்தன. யாரும் தாள்களைப் பொறுக்கி எடுக்கவில்லை.

வைரவநாதன் அவள் நாற்காலி அருகே குனிந்தார். “எனக்காகவா கேட்டே?”

நஸ்ரின் பலகையின் ஓரத்தில் இருந்த பச்சை வட்டத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்கிறா சார்” என்றார் பிலோமினா.

2019 ஜூன் 12 அன்று அடுத்த ஆண்டுக்கான திட்டக் கூட்டம் நடந்தது. தன் திட்டத்தின் முதல் இலக்கை நஸ்ரினே படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.