தூக்கணாங்குருவிகள் வெட்டிய முனகல்

கிணற்றுமேல் சாய்ந்து நின்ற ஒரு பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் வாழ்ந்தன. கூடு கட்ட அவற்றுக்கு ஒரு பாட்டு இருந்தது. 'நாரைக் கிழி' என்று ஒரு வரி. அடுத்து, 'ம்ம்ம்' என்று நீண்ட முனகல். பிறகு 'கூரை பின்னு'. மறுபடியும் முனகல். மனப்பாடம் செய்யும்போது முழுப் பாட்டையும் பாடும். கூடு கட்டும்போது முனகலை விட்டுவிட்டு, வேலை வரிகளை மட்டும் கோத்துப் பாடும்.

கிழவன் இழையன் மட்டும் எப்போதும் முனகிக்கொண்டே இருப்பான். இறந்துபோன மனைவி செங்கியின் குரல் அதில்தான் இருந்தது. கண்ணை மூடி முனகினால், அவன் கட்டிய கூட்டை அவள் அலகால் இழுத்து இழுத்துச் சோதிப்பது போலவே இருக்கும்.

ஒருநாள் மரப்பொந்தில் வாழும் மைனா வந்தது.

"அட அசடுகளா! வேலைக்கு ஆகாத முனகலை ஏன் சுமக்கிறீர்கள்? பாட்டிலிருந்தே வெட்டி எறியுங்கள்! குஞ்சுகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்!"

"அதானே!" என்றன குருவிகள்.

"இருந்துவிட்டுப் போகட்டுமே அப்பா," என்றான் இழையன்.

"மாமாவுக்கு இன்னும் அத்தை ஞாபகம்!" என்று எல்லாம் சிரித்தன.

முனகல் போயிற்று. குஞ்சுகள் வெட்டிய பாட்டையே கற்றன. வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மூச்சாய் ஓடின. கூடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. சில ஆண்டுகளில் முழுப் பாட்டு தெரிந்தவன் இழையன் ஒருவனே.

பிறகு ஒரு வறட்சி வந்தது. ஓலைகள் நொய்ந்து, கனம் தாங்காமல் தொங்கின. இளங்குருவி துளிரன், கனத்தைக் குறைக்கச் சேறு பூசும் வரியை விட்டுவிட்டுக் கூடு கட்டினான். அந்த வரி எங்கே முடிகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முட்டைக்குழிக்கு விளிம்பு கட்டும் வரியும் சேர்ந்தே போய்விட்டது!

அவன் மனைவி அரும்பி இட்ட முதல் முட்டை உருண்டு கிணற்றில் விழுந்தது.

"பாவி! நாளைக்கு அடுத்த முட்டை வந்துவிடுமே! அதை எங்கே வைப்பேன்?" என்று அவள் அலறினாள்.

இழையனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. துக்கம் வந்தால் செய்வதையே செய்தான். பாட்டை முனகலோடு மெல்லப் பாடினான்.

அரும்பி சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா! இன்னொரு தரம்! ஏய் துளிரா, கேள்! முனகுகிற இடத்தில்தான் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குகிறது! வேண்டாத வரியை அங்கே வெட்டி, மீதியை அங்கேயே ஒட்டு!"

"அப்படியானால் சேறு மட்டும் போகும், விளிம்பு நிற்கும்!" என்று கத்தினான் துளிரன்.

பொழுது சாய்வதற்குள் விளிம்பு எழுந்தது. மறுநாள் முட்டை அசையாமல் குழியில் கிடந்தது. மரம் முழுக்க முனகல் பரவியது. இழையன் மட்டும் பாடாமல், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை தொண்டைகளில் செங்கி முனகும்போது அவனுக்குப் பாட ஏது நேரம்?

பல உயிர்களின் மரபணுவிலும் வேலை வரிகளுக்கு நடுவே இப்படி இடைவரிகள் (இன்ட்ரான்கள்) உண்டு; வேலையின்போது நகலில் மட்டும் அவை நீங்கும். பயன் தெரியவில்லை என்பதற்காக முன்னோர் தந்த எதையும் மூலத்திலிருந்தே வெட்டி எறியக் கூடாது.